போர்டு போச்சு

“அக்கா, போர்டு பூட்ச்சுன்றாங்கக்கா. மொத்தமா மாத்தணுமாம்” என்று சித்தி மகள் போனில் சொன்னபோது நான் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். 2025 அக்டோபர். மேடையில் தோழர் ஒருவர் பன்னாட்டு மூலதனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே வந்து, “எந்த போர்டு? யாரு வந்தா?” என்று பதறிக் கேட்டேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது குடிசை மாற்று வாரியம். நம்ம சனங்களுக்கு போர்டு என்றால் அதுதானே. 2021இல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். கால்வாய்க் கரையில் அது இன்னும் ஸ்லம் போர்டுதான். போர்டிலிருந்து ஆள் வந்தால் வீட்டை அளக்க வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

“அய்ய, அது இல்லக்கா. கம்ப்யூட்டர் போர்டு. மதர்போர்டு.”

மூச்சு வந்தது. ஆனால் அவளுக்கு வரவில்லை என்பது குரலில் தெரிந்தது.

தங்கச்சி வீடு மந்தவெளிப் பக்கம், பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. ஒன்றரை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தலைக்கு மேலே பறக்கும் ரயில். அந்த அரை அறையில்தான் கம்ப்யூட்டர். 2014இல் மகளிர் குழுக் கடனில் வாங்கியது. ஆய்வேடு டைப் செய்வது, கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு, அமைப்புகளின் துண்டறிக்கை என்று பக்கத்துக்கு இவ்வளவு எனக் கூலி வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். புருசன் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது அவள் பரணில் ஏற்றிய முதல் சாமான் அரிசி மூட்டை இல்லை, இந்த சிபியூ பெட்டிதான். எங்கள் அமைப்பின் அறிக்கைகள் பாதி அவள் கையால் அடித்தவை. அதற்குக் காசு கேட்டதில்லை, நாங்களும் கொடுத்ததில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் ஒரு மாணவியின் முனைவர் பட்ட ஆய்வேடு மாட்டிக்கொண்டிருந்தது. இருநூற்று நாற்பது பக்கம். சமர்ப்பிக்க ஒன்பது நாள். மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை.

மயிலாப்பூரில் கோயில் குளத்துப் பக்கம் ஒரு கடைக்கு போன் போட்டிருக்கிறாள். வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்று வெளியே எழுதிப் போட்டிருக்கும் கடை. மந்தவெளி என்றதும் சரி என்றார்களாம். தெருப் பெயரைச் சொன்னதும், “அந்தப் பக்கம் நாங்க சர்வீஸ் குடுக்கறதில்லை மேடம், நீங்களே கொண்டாந்துடுங்க.” அரை கிலோமீட்டர்தான் தூரம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். அங்கிருந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுல என்ன பண்றீங்க? பாட்டு கேக்கறீங்களா? பசங்களுக்குன்னா கவர்மெண்ட்டுலதான் லேப்டாப் குடுத்தாங்களே” என்று கேட்டிருக்கிறார். போர்டு போய்விட்டது, புது செட் முப்பத்திரண்டாயிரம், பார்த்ததற்கு முந்நூறு. அவ்வளவுதான். ஆய்வேடு என்ன ஆனது என்று இவள் கேட்கப் பயந்து வந்துவிட்டாள். போர்டோடு அதுவும் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

நான் தமிழ் எம்.ஏ. தாய்ப்பலகை என்று அதற்குத் தமிழ் தெரியும். அதில் எது தாய், எது பிள்ளை என்று கேட்டால் தெரியாது. எங்களைப் போன்றவர்கள் கம்ப்யூட்டரைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருப்போம். அதைத் திறந்து பார்த்தவர் யார்?

திறந்து பார்த்தவர் அண்ணி. அவள் அண்ணனின் மனைவி. பன்னிரண்டாவது முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பலகைகளை வைத்து, பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. கம்பெனி மூடியதும் தி. நகரில் ஒரு துணிக்கடைக்குப் போனார். கடை ஊழியர் உட்கார நாற்காலி வைக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்ததே, அந்த மாதிரிக் கடை. நாற்காலி இருக்கிறது, உட்காரத்தான் யாரும் இல்லை. அவருக்குச் செவ்வாய்க்கிழமை லீவு.

செவ்வாய் காலை பழைய பேப்பரை விரித்து, பெட்டியைப் படுக்க வைத்து, பிள்ளைகளை டார்ச் பிடிக்கச் சொல்லி அண்ணி உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்தான். “இங்க வந்து பாரு. தலை வீங்கியிருக்கு.” பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் நிற்கின்றன. கெப்பாசிட்டர். மேல் மூடி தட்டையாக இருக்க வேண்டும். நான்கு மட்டும் உப்பி, ஒன்றில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. மின்சாரம் ஏறி இறங்காமல் சீராகப் போக வைப்பது அவற்றின் வேலை. உள்ளே இருக்கிற திரவம் சூட்டில் ஆவியாகி வீங்குகிறது. நல்ல போர்டுகளில் திரவம் இல்லாத வகையைப் போடுவார்கள். அது வீங்காது, ஆயுசும் அதிகம். விலை குறைக்க வேண்டுமென்றால் முதலில் கைவைக்கிற இடம் இதுதான் என்றார் அண்ணி.

“அப்ப நான் அடிச்சதெல்லாம்?” என்று தங்கச்சி கேட்டாள். அண்ணி சிரித்துவிட்டார். “எழுத்து எல்லாம் டிஸ்க்குல இருக்குடி. போர்டுல ஒண்ணும் இல்ல.” டிஸ்க்கைக் கழற்றி, தெருவில் ஒரு கல்லூரிப் பையனிடமிருந்து ஒரு ஒயரை வாங்கி, அவன் லேப்டாப்பில் சொருகினோம். ஆய்வேடு அப்படியே இருந்தது. தங்கச்சி அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. இந்த ஒரு வார்த்தையை அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தால் முந்நூறு ரூபாய்க்கு நியாயம் ஆகியிருக்கும்.

வீக்கம் ஏழைகள் கம்ப்யூட்டருக்கு மட்டும் வருவதில்லை. டெல் நிறுவனம் 2003 முதல் 2005 வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் இதே கோளாறு ஏராளமாக வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் அவை ஒவ்வொன்றாகப் படுத்தபோது, நீங்கள் கடினமான கணக்குகளைப் போட்டு அவற்றை வதைத்துவிட்டீர்கள் என்று கம்பெனி காரணம் சொன்னது. 2010இல் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. படித்துவிட்டு எனக்குக் கோயில் குளத்துக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. இதுல என்ன பண்றீங்க? குற்றம் எப்போதும் பயன்படுத்துகிறவர் தலையில்தான்.

அன்றைக்கே மூன்று பேரும் கிளம்பினோம். மந்தவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். ரேடியோ சாமான் விற்ற கடைகளிலிருந்து வளர்ந்த தெரு அது. இப்போது கேமரா, லேப்டாப், ஒயர், ஸ்க்ரூ வரை எல்லாம் கிடைக்கிறது. நெரிசலில் பெரும்பாலும் ஆண்கள். மூன்று பெண்கள் பழைய போர்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “விக்கவா சிஸ்டர்? எம்பது ரூபா தர்றேன்” என்றுதான் முதலில் கேட்டார்கள். கிலோக் கணக்கில் அவை எங்கோ போகின்றன. மின்கழிவுக்கு விதிகள் 2011இலிருந்து இருக்கின்றன. அவற்றை உடைத்து, எரித்து, அமிலத்தில் போட்டு உலோகம் எடுக்கிற கைகள் யாருடையவை என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணி விற்க மறுத்துவிட்டார்.

வாங்குவது என்றால் என்னவோ ஒரு போர்டு வாங்குவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எங்களுடையது எல்ஜிஏ 1155 என்கிற சாக்கெட், எச்61 வகை போர்டு. 2011இல் வந்தது. அந்த பிராசசர் அந்த சாக்கெட்டில்தான் உட்காரும். அந்த மெமரி, டிடிஆர்3, புது போர்டில் ஏறாது. போர்டை மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் இருக்க வேண்டுமென்றால் பழைய போர்டையே தேட வேண்டும்.

பழையது கிடைக்கிறது. பளபளவென்று புது அட்டைப்பெட்டியில், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு. தங்கச்சி கண் விரிந்தது. வாரண்டி என்ன என்று கேட்டால், “டெஸ்டிங் வாரண்டி ஏழு நாள்” என்றார் ஒருவர். இன்னொருவர் ஒரு வருசம் என்றார், பில்லில் எழுத மாட்டார். முதல் மாடிப் படிக்கட்டுக்குக் கீழே சாலிடரிங் அயனோடு உட்கார்ந்திருந்த ஒரு பாய்தான் விவரம் சொன்னார். “கம்பெனி அந்த சிப்பை நிறுத்தி வருசக்கணக்காச்சும்மா. பழைய போர்டுலேர்ந்து கழட்டின சிப்பைப் புது தகட்டுல ஒட்டி அனுப்புறான். ஓடும். எத்தினி நாள்னு கேக்காதீங்க.” கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் ஐந்நூறு ரூபாய், ஆறு மாதம் ஓடலாம், ஆறு நாளும் ஓடலாம் என்றார். எங்களுக்கு விற்க அவரிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் உண்மை சொன்னாரோ என்னவோ.

கம்பெனிகளிலிருந்து கழித்துக்கட்டின பெரிய பிராண்ட் கம்ப்யூட்டர்கள் முழுசாகவே பதிமூன்றாயிரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதிலும் பாய் ஒரு சங்கதி சொன்னார். அவற்றில் பலவற்றின் போர்டும் மின்சாரப் பெட்டியும் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு. நாளைக்கு போர்டு போனால் வேறு போர்டை அதில் மாட்ட முடியாது. மறுபடி அதே கம்பெனியின் பழசைத் தேடி அலைய வேண்டும்.

இன்னொரு நெருக்கடி. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐ எங்கள் பழைய பிராசசர் ஏற்காது. ஊரார் பென் டிரைவ் எல்லாம் வந்து சொருகப்படும் கம்ப்யூட்டர் இது. லினக்ஸ் போடலாமே, அதுதானே விடுதலை மென்பொருள் என்று ஒரு தோழர் எனக்கு வகுப்பெடுத்தார். அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் இவளிடம் வருகிறவர்கள் 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7இல் அடித்த கோப்புகளையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் கொண்டுவருகிறார்கள். அது லினக்ஸில் நேராக ஓடாது. தோழர்களின் அறிக்கைகளும் அதில்தான் இருக்கின்றன.

கடைசியில் ஏஎம்4 என்ற சாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஏஎம்டி கம்பெனி 2016இல் கொண்டுவந்தது. ஒரே சாக்கெட்டில் பல தலைமுறை பிராசசர்கள் வந்திருக்கின்றன. இன்று சின்னதைப் போட்டுக்கொண்டு, காசு வந்தால் பிராசசரை மட்டும் மாற்றலாம், போர்டை விட வேண்டாம். அதன் ஊசிகள் பிராசசரில் இருக்கின்றன, போர்டில் இல்லை. இன்டெல் போர்டில் சாக்கெட்டில் இருக்கிற ஊசி ஒன்று வளைந்தாலும் வாரண்டி இல்லை என்று கைவிரிப்பார்கள் என்றார் பாய்.

இங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு கடையில் ஏ520 போர்டும் ரைசன் 3 3200ஜி பிராசசரும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். “ரெண்டும் ஏஎம்4தான்க்கா, கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்.” அண்ணி கண்ணை மூடவில்லை. போர்டு கம்பெனியின் பக்கத்தில் எந்தெந்த பிராசசர் ஏற்கும் என்ற பட்டியல் இருக்குமே, காட்டுங்க என்றார். செல்போனில் தேடினால், எம்எஸ்ஐ தன் ஏ520 போர்டுக்கு 3200ஜி பொருந்தாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஊசி பொருந்தும், உட்காரும், உயிர் வராது. கடைக்காரப் பையன் முகத்தில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டு போயிருந்தால் நஷ்டம் யாருக்கு? இருக்கிறவன் இன்னொன்று வாங்குவான். ஒரே தடவை வாங்கக் கையில் காசு இருக்கிறவர்கள் கடைக்குள் நுழையும் முன்னால் எல்லாம் தெரிந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. யார் சொல்லித் தருவார்கள்?

3200ஜிக்குப் பொருந்துகிற பி450 போர்டு, ஐயாயிரத்து நானூறு. திரவம் இல்லாத கெப்பாசிட்டர்கள், தட்டையான தலைகள். அண்ணி விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மூன்று வருட வாரண்டி. பிராசசர் நாலாயிரத்து எண்ணூறு. எட்டு ஜிபி மெமரி இரண்டாயிரத்து அறுநூறு. போன மாசம் ஆயிரத்து எழுநூறுதான், இப்ப தினமும் ஏறுது என்றார்கள். செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொள்வதால் வந்த விலையேற்றம். கால்வாய்க் கரையில் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறவளும் அதற்குப் பங்கு கட்டினாள்.

பில் போடுகிற நேரம் வந்தது. “பில் இல்லாம எடுத்துக்குங்க, அறுநூறு ரூபா கம்மி பண்ணிடறேன்.” அறுநூறு ரூபாய் என்பது அவளுக்கு எத்தனை பக்கம் என்று எனக்குத் தெரியும். தங்கச்சி என்னைப் பார்த்தாள். 18 சதவீத வரி அரசாங்கத்துக்குத்தானே போகிறது, அந்த அரசாங்கம் நமக்கு என்ன செய்தது என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அண்ணிதான், “பில்லு வேணும். போர்டுல ஒட்டியிருக்கிற நம்பரைப் பில்லுல எழுதணும். சர்வீஸ் சென்டர் மெட்ராஸ்ல எங்க இருக்குதுன்னும் எழுதிக் குடுங்க” என்றார். கடைக்காரர் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

பில்லைக் கையில் வாங்கிப் படித்துக்கொண்டே தங்கச்சி கேட்டாள்: “மூணு வருசம்னு போட்டிருக்குதுக்கா. மூணு வருசம் நாம அங்க இருப்போமா?”

கடைக்காரருக்குப் புரிந்திருக்காது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பொக்லைன் வந்து வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்துப்போனார். இவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பெரும்பாக்கம் என்ற சொல் அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் பயமுறுத்துகிற சொல். அங்கே போய்விட்டால் ஆய்வேடு கொண்டுவரும் மாணவர்கள் வருவார்களா, கண்ணீர் அஞ்சலி கேட்டு நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர்கள் வருவார்களா? போர்டைத் தூக்கிக்கொண்டு போகலாம். பிழைப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. “இருப்போம்” என்று சொன்னேன். கூட்டங்களில் சொல்வது போலவே சொன்னேன். எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

மிச்சக் காசில் மின்சாரப் பெட்டி. எஸ்எம்பிஎஸ். அதுதான் போர்டுக்குச் சோறு போடுகிறது. எங்கள் பழையதில் 450 வாட் என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தூக்கிப் பார்த்தால் காலி டப்பா மாதிரி இருந்தது. அதுதான் கெப்பாசிட்டர்களைக் கொன்றது என்பது அண்ணியின் தீர்ப்பு. ஆயிரத்து தொள்ளாயிரத்துக்குக் கனமாக ஒன்று வாங்கினோம். ஆக மொத்தம் பதினாலாயிரத்து எழுநூறு. தங்கச்சி சேர்த்தது ஒன்பதாயிரம், அண்ணி சீட்டு எடுத்தது இரண்டாயிரத்து எழுநூறு, என்னுடையது மூவாயிரம். என்னுடையதைக் கடன் என்று அவள் எழுதி வைத்தாள். அவள் அடித்துக் கொடுத்த அறிக்கைகளுக்குக் கணக்குப் போட்டால் யார் யாருக்குக் கடன் என்று எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மாட்டும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. பழைய பெட்டியைத் தொட்டால் எப்போதும் சுர்ரென்று இருக்குமாம். “அது அப்பிடித்தான் இருக்கும்க்கா” என்று பதினோரு வருசம் அதோடு வேலை செய்திருக்கிறாள். அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் எர்த் கிடையாது. மூன்று வருட வாரண்டி போர்டையும் அது சாகடித்துவிடும் என்று அண்ணி சொல்ல, அண்ணன் தனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்தார். வீட்டுப் பின்னால் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் இழுத்தார்கள். கால்வாய் ஈரம் அதற்கு மட்டும் உதவியது.

ஆய்வேடு கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. பில், ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, கரண்ட் பில் எல்லாம் இருக்கும் மஞ்சப்பைக்குள் போய்விட்டது. ஆள் வந்து அளக்கும்போது எடுத்துக் காட்டுகிற பை அது.

வீங்கின தலைகளோடு பழைய போர்டு அண்ணி வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இது என்னா, அது என்னா என்று பிள்ளைகள் கேட்டால் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார். போன வாரம் எதிர்ச்சாரிப் பையன் ஒருவன் சிபியூவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றானாம். ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரல என்றானாம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.